ஒரு வினா, இரு விடை

இக்கல்லூரியினின்று நீங்கியபின் யாம் புகுந்த தொழில் தேடற்பொறிகளைப் பேணுதல். அத்தொழிலைப்பற்றி ஒரு கட்டுரை வரைக எனப் பத்திரிகாசிரியர் பணித்தபோது, பொறியின் வேகத்தையும் ஆற்றலையும் விரித்துரைக்க எமக்கு மனமெழவில்லை. அதனை ஆளும் சிறு விதிகளைப்பற்றியே எழுதத் துணிந்தோம். எம் உறக்கத்தைப் பலகாற் கெடுத்தவை அவையே.

சோலர் என்னும் தேடற்பொறியை யோனிக் சீலி என்பார் 2004ஆம் ஆண்டில் சிநெட் நிறுவனத்தில் இயற்றத் தொடங்கினார். 2006இல் அஃது அப்பாச்சி நிறுவனத்தின்பாற் சேர்ந்து எல்லார்க்கும் பொதுவாயிற்று. நூலின் இறுதியிற் சொல்லடைவு நிற்பதுபோல, எண்ணிறந்த ஆவணங்களுக்கு இப்பொறி சொல்லடைவு செய்து வைக்கும். அடைவு ஒரு கணினியில் அடங்காதாயின் அதனைத் துண்டுகளாக்கிப் பல கணினிகளில் வைப்பர்; ஒன்று பழுதுற்றாலும் வேலை நில்லாதிருத்தற்பொருட்டுத் துண்டுதோறும் பிரதியும் வைப்பர். தொடரை எங்ஙனம் சொற்களாகப் பிரிப்பது, எச்சொல்லை விலக்குவது, எவ்விரு சொற்களை ஒன்றெனக் கொள்வது என்பன சில கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். முன்னாளில் இக்கோப்புகள் கணினிதோறும் தனித்தனியே கிடந்தன.

ஒரு மருத்துவமனையில், அதன் பெயர் ஈண்டு வேண்டா, நோயாளிகளின் பழங்குறிப்புகளைத் தேடுதற்கு இத்தகைய பொறியொன்று இருந்தது. மூன்று துண்டுகள், துண்டிற்கு இரண்டு பிரதிகள், ஆக ஆறு கணினிகள். நம் நாட்டிற் பாரசிட்டமால் எனப்படுவதை அமெரிக்கர் அசிட்டமினோஃபென் என்பர். நாம் சால்பியூட்டமால் என்பதை அவர் ஆல்பியூட்டரால் என்பர். இவ்விணைப் பெயர்களை வினவுங்காலத்து ஒன்றெனக் கொள்ளும்படி ஒரு பட்டியல் எழுதி, ஐந்து கணினிகளில் வைத்தவர், ஆறாவதனை விட்டொழிந்தனர். அமெரிக்காவினின்று மீண்ட முதியவர் ஒருவர்க்கு அசிட்டமினோஃபென் ஒவ்வாது என்னும் குறிப்பு, அவ்வாறாவது கணினி தாங்கிய துண்டில் இருந்தது. மருத்துவர் பாரசிட்டமால் என வினவினார். ஒன்றுமில்லை என்றது பொறி. பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றவில்லை. அருகிருந்த முதியவரின் மனைவியார், "டாக்டர், காய்ச்சல் மாத்திரை இவருக்கு ஒத்துக்கொள்ளாது, அங்கே ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துவிட்டது" என்றார். மருத்துவர் ஐயுற்று மீண்டும் வினவினார். இம்முறை வினா மற்றைப் பிரதிக்குச் சென்று குறிப்பைக் கொணர்ந்தது!

இதனை ஆராயுமாறு எம்மை அழைத்தனர். நிருவாகத்தார் பணியாளரைக் கடிந்துகொண்டிருந்தனர். எமக்கு அஃது ஏற்புடைத்தாகத் தோன்றவில்லை. ஒரே திருத்தத்தை ஆறிடத்தும் நினைவுகொண்டு செய்க என்று ஒருவரைப் பணிப்பின், ஒருநாள் ஓரிடம் விடுபடுதல் உறுதி.

2012இல் வெளிவந்த சோலரின் நான்காம் பதிப்பு இதற்கு வழிசெய்திருந்தது. அதன்கண் உள்ள சோலர்கிளவுட் முறையிற் பொதுக்கோப்புகள் யாவும் சூகீப்பர் என்னும் காவலனிடம் ஒப்படைக்கப்படும். ஆறு கணினிகளும் ஆண்டிருந்தே அவற்றைப் படிக்கும். யாஹூ நிறுவனத்திற் பிறந்த அதற்கு விலங்குச்சாலைக் காவலன் என்பது பெயர்ப்பொருள்; கணினிகளை மேய்த்தார்க்கே அப்பெயரின் பொருத்தம் விளங்கும். காவலன் ஒருவனாயின் அவன் வீழ்ந்தபோது யாவும் வீழும் ஆகலின், மூவரையோ ஐவரையோ வைப்பர். பெரும்பான்மையோர் இசைந்தாலன்றி எம்மாற்றமும் ஏறாது. மூவரில் ஒருவரும் ஐவரில் இருவரும் வீழினும் காரியம் நடக்கும். நால்வரை வைத்தும் பயனில்லை. அங்கும் ஒருவர் வீழ்ச்சியையே பொறுக்கலாம்.

நிற்க. ஓரிடத்தில் வைத்துவிட்டமையால் எல்லாம் முடிந்ததன்று. கோப்பை மாற்றியபின் அடைவுத் தொகுதியை மறுமுறை ஏற்றுமாறு ஆணையிடல் வேண்டும். இன்றேற் பழைய விதியே நடக்கும். பட்டியலை அடைவு செய்யும்போதே பயன்படுத்தியிருப்பின், ஆவணங்களனைத்தையும் மீண்டும் அடைவு செய்தல் வேண்டும். சூகீப்பர் இயல்பாக ஒரு கோப்பிற்கு 1 மெகாபைட் அளவே இடந்தரும். மருந்துப் பட்டியல் அதனைக் கடப்பின், வரம்பைச் சூகீப்பரிலும் சோலரிலும் ஒருங்கே உயர்த்துதல் வேண்டும்.

இவற்றினும் பெரிய அச்சம் வேறொன்று. முன்னர் ஒரு கணினி பொய் சொல்லிற்று. இனித் தவறான வரியொன்று புகுமாயின் ஆறும் ஒருமிடறாகப் பொய் சொல்லும். மறுமுறை வினவியும் உண்மை வாராது. ஆதலின், புதிய பட்டியலை வேறு பெயரில் ஏற்றி, சிறு தொகுதியொன்றிற் பூட்டி, விடை தெரிந்த வினாக்களை மருந்தாளுநரைக் கொண்டே கேட்பித்து, அதன்பின்னரே பொதுவில் விடும் வழக்கத்தை ஆங்கு ஏற்படுத்தினோம். பழைய பட்டியல்களும் தேதியிட்டுக் காக்கப்பட்டன.

எல்லாவற்றையும் காவலனிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினர். யாம் இசையவில்லை. சொற்பொருள் பற்றிய விதி எல்லார்க்கும் பொது. நினைவகத்தில் எத்துணையை ஒரு கணினி பொறிக்கு ஒதுக்கலாம் என்பதோ அதனதன் உடல்வலி பற்றியது. அவ்வாறாவது கணினி ஏனையவற்றினும் நினைவகம் குறைந்தது. அதற்குரிய அளவை அதன்கண்ணேயே எழுதி வைத்துவிட்டு வந்தோம்.