40 வளைவுகள், ஒரு ரத்தக் குப்பி

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். நடுவில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஊரெல்லாம் கேமராவோடு வந்து போகும் அந்த மலைப் பாதையில், நான் அப்பாவின் ரத்தத்தோடு இறங்கினேன்.

அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். பொட்டாசியம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரத்தம் எடுத்த இடத்தில் அன்று மெஷின் ரிப்பேர். "பொள்ளாச்சியில குடுத்துடுங்க சார்" என்று குப்பியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் மகா புத்திசாலியாச்சே! டிபன் பாக்ஸ் நிறைய ஐஸ் போட்டு, குப்பியை அதில் புதைத்து, ஜன்னலோர சீட் பிடித்தேன்.

கவர்க்கல்லில் எதிர் வண்டி தெரியாத மூடுபனி. அட்டகட்டி தாண்டியதும் வெயில். பாறை மேல் நின்ற ஒரு வரையாடு, டிக்கெட் கேட்கிற கண்டக்டர் மாதிரி எங்களை முறைத்தது. 9-வது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை நீலமாக விரிந்து கிடந்தது. வளைவுக்கு வளைவு நான் ஒரு பக்கம், மடியில் குப்பி ஒரு பக்கம்.

பொள்ளாச்சியில் ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் 7.1! ஐந்தைத் தாண்டினாலே யோசிக்கிற சமாச்சாரம். ஏழு என்றால் இதயமே நின்றுவிடலாம். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"ஐஸ்லயா வச்சீங்க?"

"கெட்டுப் போயிடக் கூடாதேன்னு..."

"மீனுக்குச் சரி. ரத்தச் சிவப்பணுவுக்குள்ள பொட்டாசியம் வெளியில இருக்கறதைவிட 20 மடங்குக்கு மேல இருக்கு. அதை உள்ளேயே பிடிச்சு வைக்கிற பம்ப் குளிர்ல படுத்துடும். பொட்டாசியம் வெளியே கசியும். உறைஞ்சோ குலுங்கியோ அணு உடைஞ்சா கேக்கவே வேண்டாம். சீரத்தைப் பிரிச்சுக் கொண்டு வந்திருக்கணும்."

"ஐஸ் இல்லாம வந்திருந்தா?"

"அப்ப சர்க்கரையை அந்த அணுக்களே தின்னுடும். மணிக்கு 5லேர்ந்து 7 சதவீதம். சுகர்காரர் ஸ்வீட் வாங்கிக் கொண்டாடற மாதிரி ரிப்போர்ட் வரும்!"

சிரித்தவர் சட்டென்று சீரியஸானார். "இதை நம்பி பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து குடுத்தா, நல்லா இருக்கறவருக்கு நிஜமாவே ஆபத்து. அதுக்காகச் சும்மாவும் விட முடியாது. இன்னிக்கே அப்பாவை வரச் சொல்லுங்க."

சாயங்காலம் தம்பி அழைத்து வந்தான். ஈ.ஸி.ஜி. நார்மல். புதிதாக எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 4.3.

அந்த ரத்தமும் அதே 40 வளைவுகளில் குலுங்கித்தான் வந்தது. ஆனால் அப்பா என்கிற ஒரிஜினல் குப்பியில்!