திம்புவில் மூன்று நாள்

பூட்டானுக்குள் நுழைய இந்தியருக்கு விசா வேண்டாம். ஆனால் தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம். "கொள்ளையா இருக்கே!" என்றார் இவர். அமெரிக்கர்களுக்கு 100 டாலர் என்றதும் கப்சிப்! கூட்டம் வந்து ஊர் கெடாமலிருக்க அவர்களே போட்டுக்கொண்ட தாழ்ப்பாள்.

தலைநகர் திம்புவில் போக்குவரத்து விளக்கே கிடையாது. வெள்ளைக் கையுறைப் போலீஸ்காரர்தான் அழகாகக் கையசைக்கிறார். அரசு அலுவலகங்களில் தேசிய உடை கட்டாயம். பெண்கள் கணுக்கால்வரை 'கீரா' கட்டுகிறார்கள். டெலிவிஷனையே 1999-ல்தான் அனுமதித்தார்கள்.

இப்போதோ, விடுதிக்கார அம்மாள் பச்சை மிளகாயைச் சீஸில் வேகவைத்த 'எமா தட்ஷி'யைப் பரிமாறிக்கொண்டே கொரியத் தொடர் பார்க்கிறார்! (அந்தக் காரத்திடம் ஆந்திரா ஊறுகாய் தோற்றது.) மகள் ஆஸ்திரேலியாவிலாம், பல வீடுகளில் இதே கதை. "அங்கே கீரா கட்டுவாளா?" என்றேன். "விசேஷத்துக்குத்தான்" என்று இந்தியில் சொல்லி, இன்னொரு கரண்டி வைத்தார்.