கயிற்றின் மறுமுனை



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்களிடையே அண்மைக் காலமாக ஸ்கூபா எனும் ஆழ்கடல் முக்குளிப்பில் ஆர்வம் காணப்படுகிறது. காற்றுக் குப்பியை முதுகில் சுமந்து, அதிலிருந்து சுவாசித்தபடியே கடலடியில் நீந்துவதுதான் ஸ்கூபா. புதுச்சேரியில் இதற்கான பயிற்சி நிலையங்கள் உள்ளன. முறையாகக் கற்றுச் செய்தால் இதில் குறைகாண ஒன்றுமில்லை. முத்தையும் பவளத்தையும் அருட்கொடைகளாக எண்ணிப் பார்க்கச் சொல்லும் வேதத்தை உடையவர்கள் நாம். ஆனால், தனியாக முக்குளிப்பது வேறு விஷயம். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இஷாவுக்குப் பின் பெரியவர்களுக்காக நாம் நடத்தும் குர்ஆன் வகுப்பில் ஓர் இளைஞர் ஓதி வருகிறார். கீழக்கரையைச் சேர்ந்தவர். இங்குள்ள ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் பணி. முறையாக ஸ்கூபா பயின்ற அவர், அண்மையில் இரண்டு முறை துணையின்றிக் கடலில் இறங்கியிருக்கிறார். நண்பரின் கருவிகள், வாடகைப் படகு, பன்னிரண்டு மீட்டர் ஆழம். வகுப்பு முடிந்த ஓர் இரவு அவர் நம்மிடம் கேட்டார்:

“ஹஜ்ரத், மூணு ஷிப்ட்லயும் மெஷின் சத்தம். ரூமுக்கு வந்தா ஆறு பேரோட பேச்சு. அங்க கீழ போனா என் மூச்சு மட்டும்தான் கேக்குது. மனசு ஒன்றி திக்ரு அங்கதான் வருது. இது தப்பா?”

இந்தக் கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. தனிமையைத் தேடும் உள்ளத்தை மார்க்கம் பழிக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் வஹீ வருவதற்கு முன் ஹிரா குகையில் பல இரவுகள் தனித்திருந்து வணங்கினார்கள். ஆனால் புகாரியில் பதிவாகியுள்ள அதே செய்தியில் இன்னொன்றையும் காண்கிறோம். கொண்டுபோன உணவு தீர்ந்ததும் அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்து, மறுபடியும் எடுத்துச் செல்வார்கள். அந்தத் தனிமைக்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. எங்கே சென்றிருக்கிறார் என்பதை அறிந்த ஒருவர் இருந்தார். இரவில் தன்னந்தனியே பயணம் செய்வதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதும் அதே நூலில் பதிவாகியுள்ளது. தனிமை வேறு, துணையின்மை வேறு.

கடலுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நீர்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு மடங்கு காற்றழுத்தம். பத்து மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு. இருபது மீட்டரில் மூன்று மடங்கு. குப்பியிலுள்ள காற்றும் அதே விகிதத்தில் விரைந்து தீரும். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கியபடியே மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். அறுந்து மிதக்கும் மீன்வலை காலைச் சுற்றினால், முதுகுப்புறச் சிக்கலைச் சிக்கியவரே அறுப்பது கடினம். ஏறத்தாழ முப்பது மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் போதைபோல் மூளையை மயக்கத் தொடங்கும். தம் நிதானம் தவறுவதை அதில் சிக்கியவரே கடைசியாக உணர்வார். அப்போது தேவைப்படுவது வேறொருவரின் கண்கள். அதனால்தான் ஸ்கூபாவில் இருவர் இணையாக இறங்குவதே பொது விதி. தனித்து முக்குளிக்கப் பயிற்சி தரும் அமைப்புகளும் உண்டு. ஆயினும் அவை நூறு முறையேனும் முக்குளித்தவர்களையே சேர்க்கின்றன. முற்றிலும் தனியான இரண்டாவது காற்று ஏற்பாட்டையும் வலியுறுத்துகின்றன.

இந்தக் கருவி பிறந்தது 1943இல். பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் அதை உருவாக்கினார்கள். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மன்னார் வளைகுடாவில் கருவி எதுவுமின்றி மூச்சடக்கி முத்துக் குளித்தவர்களில் கீழக்கரை முஸ்லிம்களும் இருந்தனர். காலில் கல்லின் கயிற்றை மாட்டிக்கொண்டு விரைந்து இறங்குவார்கள். ஒரு நிமிடம், சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். கூடையில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறுவார்கள். ஒரு கல்லுக்கு இருவர். ஒருவர் இறங்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். படகில் ஒருவர் கயிற்றிலேயே கவனமாக நிற்பார். அரபு வளைகுடாவிலும் இதே முறைதான். அங்கே குளிப்பவர் ‘ஃகைஸ்’, கயிறு இழுப்பவர் ‘ஸைப்’. வருவாயில் இருவருக்கும் பங்கு உண்டு. நம் கரையில் கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராக இருப்பார் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவர் கைநழுவ விடமாட்டார் அல்லவா?

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னோம். அவர், “படகுக்காரர் மேலதான் இருந்தாரு ஹஜ்ரத்” என்றார்.

“அவர் கையில் கயிறு இருந்ததா, தம்பி?”

அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய பணியைப் பற்றிக் கேட்டோம். ஆள் உள்ளே இறங்கித் துப்புரவு செய்யவேண்டிய பெரிய தொட்டிகள் அவர்கள் ஆலையில் உள்ளன. ஒருவர் உள்ளே இறங்கினால் தொட்டியின் வாயில் காவல் இருப்பது பெரும்பாலும் இவர்தான். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36ஆம் பிரிவில், இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசியது. உள்ளே நச்சு வாயு இல்லையென்று சோதித்துச் சான்றளிக்கப்படாத நிலையில், இறங்குபவர் சுவாசக் கருவி அணிந்திருக்க வேண்டும் என்றது. அவருடைய இடுப்புவாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்றது. அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது.

“உள்ளே ஆள் இருக்கும்போது நீ டீ குடிக்க எழுந்து போவாயா?”

“அது எப்படி ஹஜ்ரத்! அவங்க உசுரு என் கையில இருக்கே.”

“உன் உயிர் யார் கையில் இருந்தது?”

“அல்லாஹ் கையில” என்றார். உண்மைதான். தொட்டிக்குள் இருப்பவரின் உயிரும் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது. ஆயினும் இவர் எழுந்து போவதில்லை. உயிர் அவன் தந்த அமானிதம். பிறருடைய அமானிதத்தை அவ்வளவு கவனமாகக் காப்பவர், தம்முடையதில் மட்டும் ஏன் அலட்சியம் காட்ட வேண்டும்?

ஃபத்வா கொடுக்கும் தகுதி நமக்கில்லை. இறங்கவே கூடாது என்றும் நாம் சொல்லவில்லை. அடுத்த முறை பயிற்சி பெற்ற ஒருவருடன் இறங்குவதாக அவர் கூறியிருக்கிறார். நீருக்கடியில் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. ஆகவே அவர் விரும்பும் அமைதி அங்கே குறையப்போவதில்லை. ஊரிலிருக்கும் உம்மாவிடம் சொல்வதாக இன்னும் வாக்களிக்கவில்லை. நாம் மறுபடியும் கேட்போம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிற்பேட்டையின் வாடகை அறைகளில் வாழ்கிறார்கள். விடுமுறையில் எங்கே செல்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பதை அறிந்தவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அதைக் கேட்பது வேவு பார்ப்பதாகாது. இளைஞர்களே, தனிமையை நாடுங்கள். தஹஜ்ஜுத் வேளையில் உங்கள் அறையிலேயே அது கிடைக்கும். கடலிலும் அதைத் தேடுவதானால், திரும்பி வரும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டு, ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு இறங்குங்கள்.

கரையிலும் கடலிலும் நம் மக்களை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.