வலப்பக்கத்துக் கணக்கு

லண்டனில் தமிழர் வீட்டுக் கூரைக்கு அடியிலுள்ள லொஃப்டுக்குள் தலையை நீட்டினால் முதலில் தட்டுப்படுவது கலியாண வீடியோ கசெற் பெட்டி. அதற்குப் பின்னால் சாமத்தியவீட்டுக்கு வாங்கிய குத்துவிளக்கு, பிடி உடைந்த சூட்கேசுகள், இருபது பேருக்குச் சமைக்கும் பானை, பிள்ளைகள் ‘இலெவன் பிளஸ்’ சோதனைக்குப் படித்த கொப்பிக் கட்டு. இதையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு, ரோச் லைற்றை வாயில் கவ்வி, குறுக்கு மரங்களின் மேல் தவழ்ந்து போய் முகட்டின் உயரத்தை அளப்பதுதான் 2017இல் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை. மரத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவில் இருப்பது வெறும் பூச்சு. இரண்டாவது கிழமையே ஒரு வீட்டில் என் வலது கால் படுக்கையறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு கீழே தொங்கியது. அந்த வீட்டு அம்மா, கட்டிலில் இருந்தபடியே, “தம்பி, அடிபடேல்லையே?” என்று என் சப்பாத்தைப் பார்த்துக் கேட்டார்.

வேலை பழக்கியவரை எல்லோரும் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவார்கள். வடமராட்சியில் கூரை வேலை செய்த தச்சர். இங்கே லொஃப்டை அறையாக மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். லண்டன் ஹரோவில், மெட்ரோபொலிற்றன் ரயில் பாதையை ஒட்டி இரு உலகப் போர்களுக்கு இடையில் கட்டப்பட்ட வீடுகளின் கூரைக்குள் நின்றுகொண்டு முகட்டுவளை, கைமரம், சலாகை, பீலி என்றுதான் பேசுவார். கூட வேலை செய்த போலந்துக்காரர்கள்கூட ‘பீலி’ என்று சொல்லப் பழகியிருந்தார்கள். நான் படிக்க வந்து, படிப்பு இடையில் நின்று, உறவுக்காரர் ஒருவர் சொல்லி அவரிடம் சேர்ந்தவன். எனக்கு மரம் அறுக்கத் தெரியாது, கணக்கு வரும் என்பதை முதல் நாளே கண்டுகொண்டார். ஒரு கொப்பியைத் தந்து, “மரவேலை பிறகு பழகலாம். முதல்லை இது பழகு” என்றார்.

அந்தக் கொப்பியில் ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் வீட்டுக்காரர் கண்ணால் பார்க்கப்போகும் சாமான்: ஸ்டீல், மரம், ஜன்னல், படி, பூச்சு, குளியலறை. வலப்பக்கத்தில் அவர் ஒருநாளும் பார்க்கப்போகாத செலவு. வலப்பக்கத்தை எழுதத் தெரிந்தவன்தான் பில்டர் என்பது அண்ணையின் கட்சி. அதை எழுதப் பழக எனக்கு நாலு வருடம் பிடித்தது.

அளப்பதற்கு முன்னால் அவர் ஒரு கேள்வி கேட்பார். “ஆருக்கு இந்த அறை?” வீட்டு விலை கூடும், வாடகைக்கு விடலாம், எல்லோரும் செய்கிறார்கள் என்று பதில்கள் வரும். ஒரு வீட்டில், ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு என்றார்கள். அம்மாவுக்கு என்ன வயது, முழங்கால் எப்படி என்று விசாரித்தார். பிறகு, “இரண்டு மாடிப் படி ஏறி ஆர் உங்கடை அம்மாவைப் பாக்கப் போறது?” என்று கேட்டுவிட்டு, கீழே பின்பக்கம் ஓர் அறை போடும்படி சொல்லிவிட்டு வந்துவிட்டார். அந்த வேலையை அவர் எடுக்கவில்லை. நிலத்தில் கட்டும் வேலை அவர் செய்வதில்லை. எனக்கு அன்று அது பெரிய நட்டமாகப் பட்டது.

பிறகு அளவு. குறுக்கு மரத்தின் மேற்பக்கத்திலிருந்து முகட்டுவளையின் அடி வரை 2.38 மீட்டர் என்று ஒரு வீட்டில் அளந்தேன். என் உயரம் 1.76. நிமிர்ந்து நின்று, இன்னும் இரண்டடி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அண்ணை கொப்பியை வாங்கிக் கழிக்கத் தொடங்கினார். இருக்கிற மரம் கூரையைத் தாங்கத்தான் போட்டது, ஆட்களைத் தாங்காது. அவற்றுக்கு இடையில், பூச்சில் முட்டாமல் சற்று உயர்த்தி, ஆழமான புது மரம் வைக்க வேண்டும். அதன் மேல் பலகை. இதிலேயே 17 சென்றிமீட்டர் போயிற்று. மேலே, பின்பக்கச் சரிவைப் பெட்டி மாதிரி வெளியே இழுத்துப் போடும் புதிய தட்டைக் கூரை பழைய முகட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே அதன் மரமும், குளிரை மறிக்கும் தடிப்பான அட்டையும், பிளாஸ்டர் பலகையும் முகட்டுக்குக் கீழேதான் அடங்க வேண்டும். அதில் இன்னும் 20. மிஞ்சியது 2.01. இங்கிலாந்தின் கட்டட விதிகளில் ஓர் அறைக்கு இவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படிக்குத்தான் உண்டு: ஏறுபவரின் தலைக்கு மேல் 2 மீட்டர். லொஃப்ட் என்றால் கொஞ்சம் இரக்கம் காட்டி, படியின் நடுவில் 1.9, சரிவான ஓரத்தில் 1.8 வரை விடுவார்கள்.

படி என்றதும்தான் உண்மையான கணக்குத் தொடங்குகிறது. ஹரோவில் இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய ஒட்டு வீடுகளில் பழைய படி பக்கச் சுவரை ஒட்டிப் போகும். இடம் தின்னாமல் இருக்கப் புதுப் படியும் அதற்கு நேர் மேலேதான் ஏற வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தில்தான் கூரை சரிந்து இறங்குகிறது. படியின் உச்சிக்கு வரும்போது தலை ஓட்டில் இடிக்கும். அதனால்தான் சரிவை எடுத்துவிட்டுப் பக்கச் சுவரை முகடு வரை முக்கோணமாக உயர்த்துகிறோம். “பின்பக்கம் பெட்டி மாதிரி இழுத்தால் போதாதோ, பக்கச் சுவர் வீண் செலவுதானே?” என்று கேட்காத வீட்டுக்காரரை நான் கண்டதில்லை. அந்தச் சுவர் அறைக்காக எழும்புவது இல்லை. படிக்காக எழும்புகிறது.

இப்படிக் கூட்டும் இடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தனி வீட்டுக்கும் ஒட்டு வீட்டுக்கும் 50 கன மீட்டர், வரிசை வீட்டுக்கு 40. அதற்குள் நின்றால் பெரும்பாலும் பிளானிங் அனுமதி கேட்கத் தேவையில்லை. தெருப்பக்கச் சரிவுக்கு வெளியே நீட்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருக்கக் கூடாது, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தச் சலுகையே கிடையாது என்று சில நிபந்தனைகளும் உண்டு. முன்னர் இருந்தவர்கள் கூரையில் ஏதும் கூட்டியிருந்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். பக்கச் சரிவை நிமிர்த்துவதால் கூடும் இடத்தை அண்ணை ஒரு வரியில் கணக்குப் பார்ப்பார்: வீட்டின் ஆழம், முகட்டின் உயரம், சரிவின் கிடை நீளம் மூன்றையும் பெருக்கி ஆறால் பிரி. 7, 2.5, 3.5 என்றால் 10.2 கன மீட்டர். பின்பக்கப் பெட்டி ஏறக்குறைய 20. மொத்தம் 30, தப்பினோம்.

“ஏன் அண்ணை ஆறு?”

“ஆறுதான். என்னை வேலை பழக்கினவர் சொன்னவர்.”

அன்றிரவு உயர்தரத்தில் படித்த இணைந்த கணிதத்தைத் தோண்டினேன். சுவரை நிமிர்த்தினால் முக்கோண அரியம். அதன் கனவளவு பெருக்கத்தில் பாதி. சரிவாக இருந்தபோது அது கூம்பகம், மூன்றில் ஒன்று. பாதியில் மூன்றில் ஒன்றைக் கழித்தால் ஆறில் ஒன்று. மறுநாள் காலைச்சாப்பாட்டுச் சீரியல் பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காட்போட் கூரை அவருடைய வானின் முன்கண்ணாடிக்குக் கீழே வெகுகாலம் கிடந்தது.

வலப்பக்கத்துக்கு வருகிறேன். என்ஜினியரின் ஸ்டீல் கணக்கு, கட்டட விதி பார்ப்பவருக்குக் கட்டணம், குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கக் கவுன்சில் அனுமதி, கூரை திறந்திருக்கும் நாட்களுக்கு மழை மறிப்பு. மேலே தண்ணீர்த் தாங்கி இருந்தால் அதை எடுத்து பொயிலரையே மாற்ற வேண்டி வரலாம். பழைய தாங்கி அஸ்பெஸ்டோஸ் என்றால் அதை எடுக்க வேறு ஆள், வேறு விலை. சாரம் எட்டுக் கிழமைக்குத்தான் பேச்சு. ஒன்பதாவது கிழமையிலிருந்து வாடகை ஓடும், நீங்கள் வேலை செய்தாலும் சரி, பிளாஸ்டர்காரனைக் காத்திருந்தாலும் சரி. பிறகு 20 வீத வாற் வரி. 58,000 பவுண் என்று வாய்க்கணக்குச் சொல்லிக் கைகுலுக்கி, கடைசியில் 11,600 கூட என்றபோது உறவே முறிந்த கதைகள் எங்கள் ஆட்களுக்குள் நிறைய. ‘வாற் சேர்த்தோ சேர்க்காமலோ’ என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒட்டு வீட்டில் இன்னொரு வரி. நடுச்சுவர் இருவருக்கும் பொது. அதில் ஸ்டீலைச் செருகுவதென்றால் 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி, வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். 14 நாட்களில் பதில் வராவிட்டால் பிணக்கு என்றே கொள்வார்கள், சேவேயர் வருவார். அவருடைய சம்பளம் பெரும்பாலும் வேலை செய்விக்கும் வீட்டுக்காரர் தலையில். இதைப் படித்துவிட்டு நான் அழகாக ஒரு கடிதம் தயாரித்தேன். அண்ணை அதை மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கார அக்காவிடம் வடை சுடச் சொன்னார். பக்கத்து வீட்டில் எண்பது வயது ஆங்கிலேய அம்மா. கடிதத்துக்கு முன்னால் வடை போயிற்று. எத்தனை மணிக்குச் சத்தம் தொடங்கும், அவருடைய பூனை எந்த அறையில் படுக்கும் என்றெல்லாம் பேச்சுப் போயிற்று. மூன்றாம் நாள் கையெழுத்து வந்தது. கொப்பியில் சேவேயருக்கு எழுதிய தொகையை வெட்டி, அதற்கு மேல் ‘வடை’ என்று எழுதினேன்.

2019இல் முதன்முறையாக ஒரு வீட்டுக் கணக்கை முழுதாக என்னிடம் விட்டார். மூன்று பிள்ளைகள், அப்பாவும் அம்மாவும். கீழே முன்னறைக்கும் நடைக்கும் இடையிலிருந்த சுவரை எப்போதோ இடித்து ஒரே மண்டபமாக்கியிருந்தார்கள். பிறந்தநாளுக்கு நாற்பது பேர் இருக்கலாம். நல்ல வெளிச்சமான வீடு என்று நானும் புகழ்ந்துவிட்டு ஏணியில் ஏறினேன். மேலே ஒரு குறையும் விடவில்லை. ஸ்டீல் ஏறியது, கூரை மூடியது, எல்லோருக்கும் கேக் தந்தார்கள்.

கட்டட விதி பார்க்க வந்தவர் மேலே ஏறுவதற்கு முன்னால் கீழேயே நின்றுவிட்டார். இரண்டு மாடி வீட்டுக்கு மேல் ஓர் அறை போட்டால் அதன் தரை நிலத்திலிருந்து நாலரை மீட்டருக்கு மேலே போய்விடும். தீப்பிடித்தால் ஜன்னலால் குதிக்க முடியாது. படிதான் ஒரே வழி. ஆகவே மேலறையிலிருந்து வாசற்கதவு வரை அந்த வழி முப்பது நிமிடம் நெருப்பைத் தாங்க வேண்டும். வழியில் திறக்கும் அறைக் கதவெல்லாம் தீக்கதவு, மாடிக்கு மாடி ஒன்றோடொன்று இணைத்த புகை அலாரம். இந்த வீட்டிலோ படி இறங்குவது நேரே மண்டபத்துக்குள். சுவர் இல்லை. கதவும் இல்லை.

நீர் தெளிக்கும் குழாய் போட்டுச் சமாளிக்க வழி உண்டு. விலை கேட்டதும் சுவரே மேல் என்றாயிற்று. வீட்டுக்கார அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. “மேலை அறை கேட்டால் கீழை சுவர் கட்டுறியள்” என்றார், என்னைப் பார்த்து. சுவர், ஏழு கதவு, நிலை, பூச்சு எல்லாம் சேர்ந்து 4,100 பவுண். நான் எழுதிய விலையில் அது இல்லை. வீட்டுக்காரரிடம் பாதி கேட்கலாம் என்றேன். “அவையளுக்கு எப்பிடித் தெரியும்? தெரிய வேண்டினது நீ” என்று அண்ணை முழுவதையும் தன் லாபத்தில் கழித்தார். கொப்பியின் வலப்பக்கத்தில் சிவப்பு மையால் தொகையை எழுதிப் பக்கத்தில் ‘பள்ளிக்கூடக் காசு’ என்று போட்டார். என் சம்பளத்தில் ஒரு பென்ஸ் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் இவ்வளவு காலம் உறுத்தியிருக்காது.

2021 கோடையில் மரவிலை எகிறியபோது கொப்பியில் ஒரு புதுவரி சேர்ந்தது: ‘இந்த விலை 30 நாளைக்கு’. மாரியில் சொன்ன விலைக்கு ஆடியில் மரம் வாங்கப் போய், கடையில் மரமே இல்லாமல் திரும்பிய நாட்கள் அவை. அதுவரை நூற்றுக்குப் பத்து என்று ஒதுக்கிய கைகாவல் பணத்தைப் பழைய வீடுகளுக்குப் பதினைந்து ஆக்கினோம். வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்வோம்: காசை நாளைப் பார்த்துத் தராதீர்கள், வேலையைப் பார்த்துத் தாருங்கள். ஸ்டீல் ஏறினால் ஒரு பங்கு, மழை உள்ளே வராத நிலைக்கு வந்தால் ஒரு பங்கு, பூச்சு முடிந்தால் ஒரு பங்கு. கடைசிப் பங்கு, கட்டட விதி பார்ப்பவர் தரும் முடிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு. அந்த ஒரு தாள் இல்லாமல் வீட்டை விற்கப்போய், வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் தவித்தவர்களைத் தெரியும். பில்டராக இருந்துகொண்டு இதைச் சொல்வது வயிற்றில் அடிப்பது போலத்தான். ஆனால் அண்ணை அப்படித்தான் வாங்கினார்.

அவருக்கு இப்போது முழங்கால் நோ, ஏணி ஏறுவதில்லை. போன மாதம் ஒரு வீடு பார்க்கத் தனியாகப் போனேன். வீட்டுக்கார அக்கா ஏணியை முதலே இறக்கி வைத்திருந்தார். கசெற் பெட்டிகளைக்கூட ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டாராம். நான் வாசலிலேயே நின்று, நடையில் எத்தனை கதவு, படி எங்கே இறங்குகிறது, சுவர் எங்கே நிற்கிறது என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியோடு வந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“தம்பி, லொஃப்ட் மேலை இருக்கு” என்றார்.