வில்லும் துடுப்பும்

ஓவியர் இரவி வர்மா (1848–1906) தம் இறுதிக் காலத்தில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களுள் ஒன்று, இராமன் வருணனை அடக்கும் காட்சி. பாறைமீது வில்லேந்தி நிற்கிறான் இராமன். கடல் குமுறி எழுகின்றது. அலைகளின் நடுவே தேவியரோடு தோன்றுகின்றான் கடலரசன். ஐரோப்பிய ஓவியர் கிரேக்கப் புராணங்களைத் தீட்டிய முறையைக் கைக்கொண்டு நம் புராணங்களைத் தீட்டியவர் இரவி வர்மா. அவருடைய கைத்திறனை மறுத்தற்கில்லை.

ஆயினும், கதை நிகழ்ந்ததாகக் கூறப்படும் கடல் பேசாலையில் வாழும் நமக்கு வாசற்கடல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கிடக்கும் மணற்றிட்டுகளையே மக்கள் இராமர் அணை என்கின்றனர். இவ்வோவியத்தின் அச்சுப்படத்தை வகுப்பில் காட்டியபோது, மீனவர் வீட்டு மாணவன் ஒருவன் நம்மிடம் கேட்டான்: "சேர், கரையில ஒரு தோணியும் இல்லையே?"

தோணி மட்டுமா இல்லை? வலை இல்லை, வலை இழுக்கும் மனிதனும் இல்லை. கடல் அங்கே வீரன் ஒருவன் கடக்கவேண்டிய தடையாக மட்டுமே இருக்கின்றது.

கிரேக்கரும் கடலோடு பகைத்த வீரனைப் பாடினர். ஆனால் ஹோமரின் ஒடிசியஸ், கடற்றெய்வமான பொசைடனை வில்லால் வெல்லவில்லை. துடுப்பொன்றைத் தோளிற் சுமந்து, கடலையே அறியாத மக்களின் நாட்டுக்கு நடந்து, அங்கே அதனை நட்டுப் பலியிட்டால்தான் பகை தீரும் என்று அவனுக்குச் சொல்லப்படுகின்றது. உழைப்பாளியின் கருவியே அங்கே சமாதானத்தின் அடையாளம்.

எந்த வில்லுக்கும் இக்கடல் பணிந்ததில்லை என்பதை, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் காட்டிற்று. எனினும் கடலை அடக்கிவிடலாம் என்னும் இறுமாப்பு ஒழியவில்லை. இன்று அது இழுவைமடியின் வடிவில் வருகின்றது. போர்க்காலத் தடைகளாற் கடலை இழந்திருந்த நம் மீனவர், 2009இன் பின் மீண்டும் தொழிலுக்குச் சென்றபோது, எதிர்க்கரையின் இழுவைப்படகுகளைக் கண்டனர். அவை கடலடியைச் சுரண்டிக் குஞ்சுமீனையும் அள்ளுகின்றன. வழியில் அகப்படும் வலைகளையும் அறுத்துச் செல்கின்றன. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் இத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் வலையிழந்தவனின் கடன் சட்டத்தால் தீர்ந்துவிடவில்லை.

அப்படகுகளில் இரவெல்லாம் கண்விழித்து உழைப்பவரும் நம்மைப் போன்ற ஏழைத் தமிழரே. இலாபம் படகு முதலாளிக்கு, சிறை அவர்களுக்கு. இரு கரை உழைப்பாளரையும் பகைவராக்கி நிறுத்துவது எது என்பதை மாணவர் ஆராயவேண்டும். தோணி எங்கே என்று கேட்ட சிறுவன் அந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டான். பரீட்சைத் தாளில் அவனுடைய கேள்விக்கு இடமில்லை; நம் வகுப்பறையில் அதற்கு இடமளிப்பது ஆசிரியராகிய நம் கடன்.