காரியதரிசி ரஹீம்

பொம்மனஹள்ளியில் பழைய கால்பந்து அபிமானிகள் கூடிப் பேசுமிடத்தில், 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்ற விருத்தாந்தம் எழும்போதெல்லாம், அவ்வணியில் இடம்பெற்ற பெங்களூர் அருமைநாயகத்தின் பெயரைச் சொந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைப்போல வாஞ்சையோடு உச்சரிக்கிறார்கள். அதே அணியில் கோல் காத்த பீட்டர் தங்கராஜும், முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் ஐதராபாத், செகந்தராபாத் மண்ணில் வளர்ந்த தமிழர்கள். இவர்களையெல்லாம் ஒரே அணியாகத் திரட்டிய பயிற்சியின் மூலஸ்தானம் எது என்று அறியும் ஆவலில் பழைய விளையாட்டு நூல்களைப் புரட்டத் தொடங்கிய நான், கடைசியில் வந்து நின்றது சையத் அப்துல் ரஹீம் என்ற ஆசிரியரிடம்.

உஸ்மானியா பல்கலைக்கழக அணியில் ஆடியவர் அவர். 1940-களின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியாகி, 1963-இல் மரிக்கும்வரை அப்பதவியை வகித்தார். சங்கக் காரியதரிசி என்றால் கடிதமும் கணக்கும் பார்ப்பவர் என்றே எண்ணிப் பழகிய எனக்கு, அவர் நடத்திய பந்தயங்களின் விதிகளைப் படித்தபோது வியப்பு மேலிட்டது. பந்தைத் தனியே கடத்திச் செல்லாமல் உடனே தோழனுக்குத் தரவேண்டும் என்றொரு பந்தயம். பழக்கமற்ற காலால் மட்டுமே உதைக்கவேண்டும் என்று மற்றொன்று. மைதானத்தில் ஒருவனுக்குச் சொல்லித் தரக்கூடிய பாடத்தை, விதியாக எழுதி ஊர் முழுவதற்கும் அவர் போதித்துவிட்டார். பயிற்சிக்கு வந்துபோக வசதியற்ற பலராமுக்குச் சைக்கிள் வாடகைப் பணம் கொடுத்ததும் அவரே.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற அவமானத்தையும், 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பெற்ற கௌரவத்தையும் இந்திய அணியின் பயிற்சியாளராக அனுபவித்தவர், ஜகார்த்தாவுக்குப் புறப்படும்போது நோயாளி. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தலையில் காயம்பட்ட தற்காப்பாளர் ஜர்னைல் சிங்கை ரஹீம் துணிந்து முன்வரிசைக்கு மாற்ற, அவர் அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று, அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு விரோதமாகக் கூச்சலிட, அதே கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றது நம் அணி.

மறு ஆண்டு ஜூனில் புற்றுநோய் ரஹீமைக் கொண்டுபோயிற்று. அதற்குப்பின் ஆசியப் போட்டியில் கால்பந்துத் தங்கம் நமக்கு வாய்க்கவில்லை. அந்த வெற்றி ஜகார்த்தாவில் கிட்டியதாயினும், ஒரு நகரச் சங்கத்தின் விதிப் புத்தகத்திலேயே அது உற்பவித்தது என்பது என் திடமான நம்பிக்கை. ஆகையால் அருமைநாயகத்தைப் போற்றும் நம் ஊர்ச் சங்கங்கள், தம் காரியதரிசியைத் தேர்ந்தெடுக்கும்போது, செல்வாக்கை விசாரிப்பதற்கு முன், ஆட்டத்தை அவர் எவ்வளவு ஆழமாக அறிந்தவர் என்று விசாரிக்கவேண்டும்.