எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க!

“கண்ணு, அம்மாயியோட அந்தப் பழைய போர்வை இருக்குதல்ல... அதையக் கொண்டுபோயி என்ன பண்றது? வெளிய போட்டறட்டா?”

ஒரு வியாழக்கிழமை மதியம், வால்பாறையிலிருந்து அம்மாவின் போன். முப்பது வருடத்துக்கும் மேல் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த அம்மாவுக்கு அந்த மாதம் ரிட்டயர்மென்ட். வேலை முடிந்தால் லைன் வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். அப்பா பொள்ளாச்சியில் ஒரு சின்ன வாடகை வீடு பிடித்துவிட்டார். எதை எடுப்பது, எதை விடுவது என்று அம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

“போட்டுரும்மா” என்று சொல்லிவிட்டு, அடுத்த செய்தியை அப்லோட் செய்யப் போய்விட்டேன்.

சனிக்கிழமை எனக்கு ஓர் அசைன்மென்ட். சென்னையில் இரண்டு நாள் குவில்டிங் வகுப்பு. பல வருடங்களாகத் தைக்கிறவர்கள் வந்து பேசுவார்கள். “அறுநூறு வார்த்தை, ஒரு ரீல். முடிச்சிட்டு வா” என்றார் எங்கள் எடிட்டர். எனக்கோ பட்டன் தைக்கக்கூட ஒழுங்காக வராது!

குவில்ட் என்றால் வேறொன்றுமில்லை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு முழுத்துணி. இந்த மூன்றும் நகராதபடி சேர்த்துப் பிடிக்கும் ஓட்டத் தையலுக்குப் பெயர்தான் குவில்டிங். துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் இன்ச் விட வேண்டும். ஒரு துண்டில் நூலளவு பிசகினாலும் பத்தாவது துண்டில் அது விரலளவு ஆகிவிடும். முதல் ஒரு மணி நேரத்தில் என் சதுரம் நாற்கோணமாகி, நாற்கோணம் என்னவென்றே தெரியாத ஒன்றாகிவிட்டது.

“பரவால்ல, முதல் குவில்ட் எல்லாருக்கும் இப்படித்தான்” என்று சிரித்தார் வகுப்பெடுத்த அக்கா. 2019 ஜனவரியில் சென்னையில் ‘இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல்’ நடந்த கதையையும் சொன்னார். பிறகு வட்டமாக உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க வீட்டுல பழைய துணியில தைச்ச போர்வை, விரிப்பு ஏதாவது இருந்ததா?”

மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஒருவர் பாட்டி தைத்த கோதடியைப் பற்றிச் சொன்னார். பெங்களூரிலிருந்து வந்தவர் கௌதி என்றார். வங்காளப் பெண் காந்தா என்றார். “நம்ம கந்தையும் அந்த காந்தாவும் ஒரே வேர்ச்சொல்தான்” என்றார் அக்கா. தேரில் தொங்கும் தொம்பைகளை நினைவுபடுத்தினார். ஒரு துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் அந்த வேலையும் இதற்குச் சொந்தக்காரன்தான் என்றார்.

என் முறை வந்தது.

“எங்க வீட்டுல அப்படி எதுவும் இல்லைங்க” என்றேன்.

பொய். ஏன் சொன்னேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கோவையில் ஹாஸ்டலில் சேர்ந்தபோது அம்மா பெட்டியின் அடியில் அந்தப் போர்வையை வைத்து அனுப்பியிருந்தார். முதல் ராத்திரி அதை விரித்ததும் பக்கத்துக் கட்டில் பெண், “என்னப்பா இது, கந்தலா இருக்கு?” என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால், அன்றே அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த வார விடுமுறையிலேயே ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அம்மாயி ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் மூத்தவர் ஒருவர் பேசினார். கர்நாடகாவின் உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியைத் திரையில் காட்டினார். ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அந்தப் பெண்கள் மூலையிலிருந்து ஆரம்பித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்களாம். நான்கு மூலைகளிலும் பூப்போல மடித்த துணி வைக்காவிட்டால் போர்வை முழுமையாகாதாம்.

அடுத்த படம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூர். மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்த பிறகு, அவர் காட்டுவேலைக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளைக் கிழித்து 1942-ல் ஒரு குவில்ட் தைத்தார். நீலமும் சாம்பலும் வெளுத்து, முழங்கால் தேய்ந்த தடம்கூடத் தெரிந்தது. அந்த ஊர்ப் பெண்களின் குவில்ட்கள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால்தலைகளில் இடம்பெற்றன.

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. வெளியே ஓடிவந்து அம்மாவை அழைத்தேன்.

“அம்மா, அந்தப் போர்வை... போட்டுட்டியா?”

“எங்க போடறது? உங்கம்மாயி அதும்மேலயே படுத்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது!”

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரியே கிளம்பிவிட்டேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமாகத் தூங்கிவிடும் நான், அன்றைக்கு ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன்.

அம்மாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். போர்வையை மடியில் வைத்துப் பிரித்தேன். ஒரு மூலை கிழிந்து, உள்ளே கறுப்பாகக் கம்பளி தெரிந்தது. எஸ்டேட்டில் கொடுக்கும் கம்பளி. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைத் தொழிலாளர்களுக்குத் தரச்சொல்லி விதி போடும் அதிகாரத்தை, 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் மாநில அரசுகளுக்குக் கொடுத்திருந்தது. அப்படி வந்த கம்பளி நைந்துபோனதும் அதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் பழைய சேலைகளைப் போட்டு, கோணூசியால் தைத்திருக்கிறார் அம்மாயி. நூல்? அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலைப் பிரித்து எடுத்துவைத்தது. மேல் துணி, நடு அடுக்கு, அடித்துணி. காசு கட்டி நான் படித்த பாடம்!

மிசௌரி பெட்வே கதை தலைக்குள் ஓட, ஆசையாகக் கேட்டேன். “அம்மாயி, இதுல அப்புச்சியோட சட்டை ஏதாவது இருக்குதா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. குளுரு. அவ்வளவுதான்.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால், அம்மாயி விரலால் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். கண் சரியாகத் தெரியாது. விரலுக்குத் தெரிகிறது.

“இது மூணாம் நம்பர் வீட்டுக்காரி போட்டது. நெருக்கி நெருக்கிப் போடுவா. இந்தப் பக்கம் கடைசி வீட்டக்கா. அவசரக்காரி, பாரு, எவ்ளோ தள்ளித் தள்ளி இருக்குதுன்னு. இந்தக் கோணல் என்றது.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் லைன் திண்ணையில் மூலைக்கு ஒருத்தியாக நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் வீட்டுக்கு முடித்ததும் அடுத்தவர் வீட்டுக்கு என்று தைத்தார்களாம்.

“இப்ப அவங்கெல்லாம் எங்க அம்மாயி?”

“ரிட்டயர் ஆயி ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. ஒருத்தி திருப்பூர்ல மகன்கூட. ஒருத்தி போய்ச் சேந்துட்டா. இன்னொருத்தி எங்கன்னே தெரியல சாமி.”

இந்த லைனில் அவர்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்ததற்கு வேறு எந்த அடையாளமும் இல்லை. போட்டோ கிடையாது. வீடும் அடுத்த வாரம் வேறு யாருக்கோ. இதைத்தான் நான் ‘போட்டுரும்மா’ என்று சொல்லியிருந்தேன்.

கிழிந்த மூலையைத் தைக்க உட்கார்ந்தேன். நைந்த துணியை வெட்டி எடுக்கக் கூடாது, அதன்மேல் வேறு துணியை வைத்துச் சுற்றிலும் நல்ல துணி இருக்கும் இடத்தில் தைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். புதுத்துணி வைத்தால் துவைக்கும்போது சுருங்கிப் பழசை இழுத்துக் கிழித்துவிடும். பல முறை துவைத்த பழைய பருத்தித் துணிதான் சரி. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் சட்டை கொடியில் தொங்கியது. எடுத்தேன்.

“ஐய... போயும் போயும் அந்தக் கறை புடிச்ச சட்டையா? நல்ல சேலை எத்தன இருக்குது” என்றார் அம்மா.

“இதுதான் வேணும்மா.”

தேயிலைக் கறை அப்பிய கைப்பகுதியை வெட்டி, மூலையில் வைத்துத் தைத்தேன். அம்மாயி தடவிப் பார்த்தார்.

“நூல இழுத்துப் புடிக்காத. மூச்சு விடோணும் துணி” என்றார். வகுப்பில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

என் தையல் அம்மாயியின் தையலைவிடக் கோணல். பரவாயில்லை. அடுத்து யாராவது தடவிப் பார்த்தால், ‘இது பேத்தி போட்டது’ என்று கண்டுபிடித்துவிடலாம்.

திண்ணையில் போர்வையை விரித்து ஒரு போட்டோ எடுத்தேன். வகுப்பெடுத்த அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே எழுதினேன்:

“அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன் அக்கா. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்க.”